மருந்துப் பையோடு வரும் பூனைக்கு வீடு தேடுவது

பத்து வயதைத் தாண்டிய பூனையைக் காப்பகத்தில் கொண்டுவந்து விடுகிறவர்கள் சொல்லும் காரணங்கள் பெரிதாக மாறுவதில்லை. வீடு மாறுகிறோம், புது ஹவுஸ் ஓனர் பூனை கூடாது என்கிறார். மருமகள் மாசமாக இருக்கிறாள். பேரனுக்கு வீசிங் வருகிறது. பூனையை வளர்த்த அம்மா காலமாகிவிட்டார், பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில். சென்னை போன்ற ஊர்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கிய பெர்ஷியன் பூனைக்கு வயதானதும் கண்ணில் நீர் வடிகிறது, முடி சிக்குப் பிடிக்கிறது, மூச்சு இரைக்கிறது. ஒருநாள் காலையில் அது காப்பக வாசலில் கூடையோடு கிடக்கிறது.

இப்படி வரும் பூனைகள் தெருவில் பிறந்து, அடிபட்டு வந்து சேரும் பூனைகளைப் போன்றவை அல்ல. பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே குரல்களைக் கேட்டு, ஒரே ஜன்னலில் உட்கார்ந்து வாழ்ந்தவை. காப்பகத்தில் அவற்றுக்கு எல்லாமே அந்நியம்: பக்கத்துக் கூண்டுப் பூனைகளின் வாடை, நாய்களின் குரைப்பு, நேரத்துக்கு நேரம் மாறும் ஆட்கள். சாப்பிட மறுத்து மூலையில் சுருண்டுவிடும். அதைப் பார்த்துவிட்டு “இது யாரோடும் ஒட்டாது” என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். குட்டிகள் அடுத்தடுத்து வீடு போய்ச் சேர, அது அங்கேயே இருந்துவிடுகிறது.

அப்படிப்பட்ட பூனைகளுக்கு, அதிலும் தினமும் மருந்து தேவைப்படும் பூனைகளுக்கு, வீடு தேடும் தன்னார்வலர்களுக்காகவே இந்த அத்தியாயம். இரக்கத்தைக் காட்டிலும் நேரம் உள்ள வீட்டைத் தேடுங்கள். இரக்கம் எல்லாருக்கும் வரும். சில வாரங்களில் களைத்தும் போகும். காலையிலும் இரவிலும் மருந்து வேளைக்கு வீட்டில் ஆள் இருப்பது, அதுவும் வருடக்கணக்கில் இருப்பதுதான் நோயாளிப் பூனையை வாழவைக்கிறது.

விட வந்தவரிடம் பேசிப் பார்ப்பது

புது வீடு தேடுவதற்கு முன்னால் பழைய வீடு உண்மையிலேயே மூடிவிட்டதா என்று பாருங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை கூடாது என்று பயப்படுகிறவர்கள் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். பூனைக்கு அந்தத் தொற்று முதன்முதலாக வரும்போது, பெரும்பாலும் ஓரிரு வாரங்களே கிருமி மலத்தில் வெளியேறும். வெளியேறியதும் அது தொற்றாது. தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். மணல் பெட்டியைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்து, கர்ப்பிணி அதைத் தொடாமல் இருந்தால் ஆபத்து மிகக் குறைந்துவிடும். வருடக்கணக்காக வீட்டுக்குள்ளேயே இருந்து சமைத்த உணவைச் சாப்பிடும் கிழட்டுப் பூனையிடம் அந்த ஆபத்து இன்னும் குறைவு. மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

ஃபிளாட் சங்கம் தடுக்கிறது என்றால், செல்லப்பிராணிகளை வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடைபோட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதைக் காட்டலாம். “விட முடியலைன்னா தெருவுல விட்டுட்டுப் போறேன்” என்று கோபப்படுகிறவரிடம், பட்டினி கிடந்து வதைபடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்தி மிரட்டினால் அவர் இரவில் வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். கூடவே பூனையின் பத்து வருடக் கதையும் போய்விடும். அந்தக் கதை நமக்கு வேண்டும்: என்ன சாப்பிடும், எங்கே தூங்கும், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரைக் கண்டால் ஓடும். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன நோய் என்று தெரிந்துகொள்வது

“வயசாச்சு, அதான் மெலிஞ்சிருக்கு” என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். வயதான பூனை மெலிந்தால் பின்னால் ஒரு நோய் இருக்கும். அடிக்கடி பார்ப்பது சிறுநீரகக் கோளாறு: நிறையத் தண்ணீர் குடிக்கும், மணல் பெட்டி சீக்கிரமே நனைந்துவிடும், உடம்பு இளைக்கும். அகோரப் பசியோடு சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு மிகைச் சுரப்பையோ சர்க்கரையையோ சந்தேகிக்க வேண்டும். பசி இருந்தும் தட்டின் அருகே போய் முகர்ந்துவிட்டுத் திரும்பினால் வாயைத் திறந்து பாருங்கள். ஈறு செக்கச்செவேலென்று வீங்கியிருக்கும். பற்களை எடுத்துவிட்டால் பட்டினிதான் என்று பலர் நினைக்கிறார்கள். வலிக்கிற பற்களை எடுத்த பிறகுதான் பல பூனைகள் வயிறாரச் சாப்பிடவே தொடங்குகின்றன.

இரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா, சர்க்கரை, தைராய்டு அளவு, சிறுநீர்ப் பரிசோதனை, முடிந்தால் இரத்த அழுத்தம் — இவ்வளவும் வீடு தேடத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டும். சிறுநீரக நோயை நான்கு கட்டங்களாகப் பிரிப்பார்கள். கிரியாட்டினின் 1.6-இலிருந்து இரண்டாம் கட்டம், 2.9-இலிருந்து மூன்றாம் கட்டம், 5-ஐத் தாண்டினால் நான்காம் கட்டம். இரண்டாம் கட்டத்தில் இருக்கும் பூனை நல்ல கவனிப்பில் சில வருடங்கள் சௌக்கியமாக இருக்கலாம். நான்காம் கட்டம் வேறு கதை. அதற்குத் தேட வேண்டியது கடைசிக் காலத்தை வலியில்லாமல் கழிக்க ஓர் இடம். எந்தக் கட்டம் என்று தெரியாமல் “சின்னக் கிட்னி ப்ராப்ளம்தான்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் இரண்டாம் மாதம் பூனை திரும்பி வரும், அல்லது திரும்பி வராமலே போய்விடும்.

பரிசோதனை நடக்கும் நாட்களிலேயே கூண்டுக்குள் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டிவையுங்கள். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் பெட்டி கிடைக்காதவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. நமக்கு அதனால் இன்னொரு லாபம் உண்டு. பதற்றம் தணிந்த பிறகுதான் பூனையின் உண்மையான சுபாவம் வெளியே வரும், அதன்பிறகுதான் அதைப் பற்றி நேர்மையாக எழுத முடியும்.

அறிவிப்பு எழுதுவது

நோயை மறைத்து எழுதாதீர்கள். நோயை மட்டுமே எழுதி அழவைக்கவும் பார்க்காதீர்கள். படிக்கிறவருக்கு அந்தப் பூனையோடு ஒரு நாள் எப்படி இருக்கும் என்று கண்ணில் தெரிய வேண்டும். செம்பி என்று ஒரு பூனையை வைத்துக்கொள்வோம். அவளைப் பற்றி நான் இப்படி எழுதுவேன்:

“செம்பி. பெண், நாட்டுப்பூனை, மூன்று நிறம். வயது சுமார் 12, எடை 3.1 கிலோ. கருத்தடையும் தடுப்பூசிகளும் ஆகிவிட்டன. சிறுநீரகக் கோளாறு, மூன்றாம் கட்டம். தினமும் ஒரு வேளை இரத்த அழுத்த மாத்திரை. வாரம் இரண்டு நாள் தோலுக்கடியில் ட்ரிப்ஸ். பத்து நிமிட வேலை, நாங்கள் கற்றுத்தருகிறோம். பற்களை எடுத்தாகிவிட்டது, குழைவான உணவை ஆசையாகச் சாப்பிடுவாள். மணல் பெட்டியைத் தவறாமல் பயன்படுத்துவாள். நீங்கள் பேப்பர் படித்தால் பேப்பர் மேலேயே வந்து உட்காருவாள். சின்னக் குழந்தைகளும் மிக்ஸி சத்தமும் பிடிக்காது. வேறு பூனை இல்லாத, அமைதியான வீடு வேண்டும்.”

இதைப் படித்துவிட்டு நூறு பேர் நகர்ந்து போகட்டும். நமக்கு வேண்டியது ஒரு வீடு. படம் எடுக்கும்போது கம்பிக்கு வெளியே நின்று எடுக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பூனையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, யாராவது ஒருவர் மடியில் இருக்கும்போது எடுங்கள். மடியில் இருக்கும் பூனையைப் பார்த்ததும் அது மனிதரோடு வாழ்ந்த பூனை என்பது புரிந்துவிடும்.

சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் குட்டி கேட்கிறவர்களே வருவார்கள். இந்த அறிவிப்பை அச்செடுத்துக் கால்நடை மருத்துவர்களின் கிளினிக்கில் ஒட்டுங்கள். சென்னையில் என்றால் 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும், வெளியூரில் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரி மருத்துவமனைகளுக்கும் பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கவனியுங்கள். கிழட்டுப் பூனையோடு டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறவருக்கு மருந்து கொடுக்கத் தெரியும். இப்படி ஒரு பூனையைக் கடைசிவரை பார்த்து அனுப்பியவர்களே, என் அனுபவத்தில், மிகச் சிறந்த வளர்ப்பாளர்கள். அவர்கள் யார் யார் என்று மருத்துவருக்குத் தெரியும். துக்கம் ஆறாத நேரத்தில் போய்க் கேட்காதீர்கள். “எப்பவாவது இன்னொண்ணு வளர்க்கணும்னு தோணினா சொல்லுங்க” என்று மருத்துவர் வழியாகச் சொல்லிவைத்தால் போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பூனை பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். நங்கநல்லூரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை செம்பியைப் பற்றிக் கேட்டு அழைக்கிறார் என்று வையுங்கள்.

“அம்மா, காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?”

“அஞ்சரைக்கெல்லாம் எழுந்திருவேன் தம்பி. வாசல் தெளிச்சு, காபி போட்டு முடிக்க ஆறரை ஆயிடும்.”

“வீட்ல வேற யாரெல்லாம் இருக்காங்க?”

“நானும் அவரும்தான். பொண்ணு அமெரிக்கால இருக்கா.”

“அங்க போய் இருக்கிற மாதிரி யோசனை ஏதாவது இருக்காம்மா?”

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மகள் பிரசவத்துக்குப் போனால் ஆறு மாதம் ஆகும். அப்போது ட்ரிப்ஸ் ஏற்றுவது யார்? ஆள் உண்டு என்றால் அந்த ஆளோடும் பேசிவிடுங்கள்.

சைவக் குடும்பமாக இருந்தால் அதையும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பூனை தயிர் சாதத்தில் வாழ முடியாது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண் பார்வை போகும், இதயமும் வீங்கிப் பலவீனமாகும். அந்த இதய நோய்க்குக் காரணம் டாரின் குறைவுதான் என்பது 1987-இல் தெளிவானது. வீட்டில் சமைக்க வேண்டாம், மருத்துவர் சொல்லும் பாக்கெட் உணவைப் பிரித்து வைத்தால் போதும் என்று சொன்னால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். அதுவும் முடியாது என்றால் அந்த வீடு செம்பிக்கு ஆகாது. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.

ட்ரிப்ஸ் ஏற்றக் கற்றுக்கொடுப்பது

சிறுநீரகப் பூனை என்றதும் பலரைப் பின்வாங்கவைப்பது ஊசி. அந்தப் பயத்தைப் பேசிப் போக்க முடியாது, கையில் கொடுத்துத்தான் போக்க முடியும். பூனையை ஒப்படைக்கும் முன், காப்பகத்துக்கே வரவழைத்துப் பழக்குங்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்கவைத்து, மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. மருந்துக்கடையில் “குளுக்கோஸ் பாட்டில்” என்று கேட்டு டெக்ஸ்ட்ரோஸை வாங்கிவந்துவிடும் ஆபத்து உண்டு. டெக்ஸ்ட்ரோஸைத் தோலுக்கடியில் ஏற்றினால் சீழ் பிடிக்கலாம், ஆகவே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள். பாட்டிலை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, டியூபில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, பூனையைத் துண்டு விரித்த மடியில், முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி உட்காரவையுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கினால் ஒரு சின்னக் கூடாரம் போல எழும்பும். கூடாரத்தின் அடிப்பக்கத்தில் ஊசி முதுகுக்கு இணையாக உள்ளே போக வேண்டும். மறுபக்கம் விரல் ஈரமானால் ஊசி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். எடுத்துவிட்டு, புது ஊசியோடு மறுபடி குத்தலாம். டியூபில் இருக்கும் உருளையைத் திறந்ததும் தோலுக்கடியில் மெத்தென்று வீங்கிக்கொண்டு வரும். பாட்டிலில் இருக்கும் கோட்டைப் பார்த்து, மருத்துவர் சொன்ன அளவு, செம்பிக்கு 100 மி.லி., இறங்கியதும் மூடிவிட்டு, ஊசி இருந்த இடத்தை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

அந்த வீக்கம் மெல்லச் சரிந்து முன்னங்காலுக்கு இறங்கும். ஒரு பக்கக் கால் மட்டும் பருத்துத் தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏதோ ஆகிவிட்டது என்று இரவில் பதறி அழைப்பார்கள். சில மணி நேரத்தில் தானாக வற்றிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதலில் நீங்கள் ஏற்றிக்காட்டுங்கள், அடுத்து நீங்கள் பூனையைப் பிடித்துக்கொள்ள அவர் ஏற்றட்டும், பிறகு அவராகவே செய்யட்டும். கைநடுக்கம் நின்றபிறகு பூனையைக் கொடுங்கள்.

மாத்திரைக்கு இவ்வளவு வேண்டாம். வேகவைத்த கோழித் துண்டுக்குள் வைத்துக் கொடுக்கலாம். நேரடியாக வாயில் போட்டால், பின்னாலேயே ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டு மூன்று மி.லி. தண்ணீரைக் கடைவாயில் விடுங்கள். வெறும் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும்.

வீட்டைப் போய்ப் பார்ப்பது

ஹால் பெரிதா சோபா புதிதா என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். நேராகக் குளியலறைக்குப் போய் என்ன ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். வெள்ளையாகக் கலங்கும் பினாயில் வகைகள் பூனைக்கு விஷம். ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே போதும், உள்ளே போய்விடும். சோப்புத் தண்ணீரில் துடைக்கச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். “லேசா காஞ்சிருந்தது, குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்பைக் கொஞ்சம் கொடுத்தோம்” என்று நல்ல மனதோடு செய்து இழந்தவர்கள் உண்டு. இதை ஒருமுறை சொல்லி விட்டுவிடாமல், தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வாருங்கள். நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும், எலி மருந்தும் வீட்டில் இருக்கக் கூடாது. தொட்டியில் லில்லியோ செங்காந்தளோ இருந்தால் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் பகல் முழுக்க வாசல் கதவு திறந்தே கிடக்கும். புது வீட்டுக்கு வந்த பூனை வெளியே ஓடினால் திரும்பி வரத் தெரியாது. கம்பிவலைக் கதவு இருக்கிறதா, அதைச் சாத்தும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பால்கனியில் புறாவுக்காகக் கட்டிய நைலான் வலையைப் பூனை கடித்துவிடும்; கம்பிவலைதான் நிற்கும். அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த 2002-ஆம் வருட ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. ஆகவே மணல் பெட்டி மாடியிலும் சாப்பாடு கீழேயும் இருக்கக் கூடாது. பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிடுங்கள். மூட்டுவலியால் ஏறமுடியாத பூனை பெட்டிக்கு வெளியே போகும், அதற்குத் திட்டும் வாங்கும்.

ஒப்படைக்கும் நாள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்தப் பூனையையும் புது வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீட்டுக்கும் வேண்டாம். கத்திரி வெயிலில் சிறுநீரகப் பூனையை ஆட்டோவில் நெடுந்தூரம் கொண்டுபோவது உடம்பின் நீரை வற்றவைத்துவிடும். வேறு வழியில்லை என்றால் விடியற்காலையில் கிளம்புங்கள். கூடையை மெல்லிய துண்டால் மூடி, காப்பகத்தில் அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் உள்ளே போடுங்கள். அது பயன்படுத்திய மணலில் ஒரு பிடியும் கூடப் போகட்டும். அந்த வாடையை வைத்துப் புது மணல் பெட்டியைக் கண்டுபிடித்துவிடும்.

முதல் வாரம் ஒரே ஒரு அறை போதும். கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இழுக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கட்டும், தொலைபேசியில் பேசட்டும், பூனையைப் பார்க்காமல் இருக்கட்டும். ஒளிந்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சாப்பிடாமல் இருப்பதைப் பற்றிக் கண்டிப்பாகக் கவலைப்பட வேண்டும். பூனை சில நாள் முழுப்பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். பருத்த பூனை என்றால் இன்னும் சீக்கிரம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் உங்களை அழைக்கட்டும். இரண்டாம் நாளும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போயாக வேண்டும். காப்பகத்தில் சாப்பிட்ட அதே உணவு இரண்டு வாரத்துக்காவது தொடரட்டும்.

எடை பார்க்கும் பழக்கத்தையும் முதல் நாளே ஏற்படுத்திவிடுங்கள். மூன்று கிலோ பூனை 150 கிராம் இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது உடம்பில் இருபதில் ஒரு பங்கு. குழந்தைகளை நிறுக்கும் தராசு ஒன்று காப்பகத்தில் இருந்தால் பூனையோடு இரவல் கொடுங்கள்.

கையெழுத்துக்கு முன்னால்

ஒப்பந்தத் தாளில் பூனையின் எல்லா மருத்துவ அறிக்கைகளின் நகலும் மருந்து அட்டவணையும் இணைந்திருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் கேட்காமல் பூனையைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று எழுதுங்கள். இந்த வரி இருந்தால் திருப்பி விடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் தயங்குகிறவர்கள் முன்வருகிறார்கள். முடியாதபோது தெருவில் விடாமல் நம்மிடமே கொண்டுவருவார்கள். மருந்துச் செலவைத் தாங்க முடியாதவர் நல்லவராக இருந்தால், பூனை காப்பகத்துக்கே சொந்தம், செலவும் காப்பகத்தைச் சேர்ந்தது, வாழ்வது மட்டும் அவர் வீட்டில் என்ற ஏற்பாட்டைச் செய்யலாம். நான்காம் கட்டப் பூனைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கடைசி நாட்களைப் பற்றியும் இப்போதே பேசுங்கள். சாப்பாடு நின்று, வலி தாளாமல் போனால், ஊசி போட்டு விடுவிக்கும் முடிவை எடுப்பது யார், எந்த மருத்துவர் சொன்னால் எடுப்பது, செலவு யாருடையது என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். அந்த நேரத்தில் அழுதுகொண்டே முடிவெடுக்கும் பாரத்தை ஒரே மனிதர் தலையில் ஏற்றக் கூடாது.

வளர்க்க வருகிறவர் வயதானவர் என்றால் அதை ஒரு குறையாக எண்ணாதீர்கள். பெரும்பாலும் அவரிடம்தான் நேரம் இருக்கிறது. அவருக்கு உடம்பு முடியாமல் போனால் பூனையை எடுத்துக்கொள்ளவோ நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கவோ இன்னொருவர் பெயரைத் தாளில் கேளுங்கள். மகள், மருமகன், எதிர்வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்டு, பூனையைக் கூடையில் ஏற்றும் முன் அந்த எண்ணுக்கு நீங்களே அழைத்து, தன் பெயர் அந்தத் தாளில் இருப்பது அவருக்குத் தெரியுமா, சம்மதமா என்று கேளுங்கள்.